போர்க்கால ஜெர்மானிய உருமறைப்பு ஆடைகள்: துணியிலிருந்து தொடங்கி அடையாளம் காணும் முறை

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானிய உருமறைப்பு ஆடைகளைச் சேகரிக்க விரும்புபவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு முக்கோணக் கூடாரத் துணியை. ஜெர்மன் மொழியில் ட்செல்ட்பான் எனப்படும் இத்துணி 1931-இல் அறிமுகமானது. இரு பக்கங்கள் ஏறத்தாழ 2 மீட்டரும் மூன்றாவது பக்கம் 2.4 மீட்டரும் இருக்கும். சிப்பாய் இதைத் தனியே மழையங்கியாகப் போர்த்திக்கொள்ளலாம். நான்கு துணிகளைப் பொத்தான்களால் இணைத்தால் கூம்பு வடிவக் கூடாரமாகும். பெரும் எண்ணிக்கையில் தயாரானதால் இன்றும் கிடைக்கிறது, மேலங்கிகளைவிட விலையும் குறைவு. ஓர் அசல் துணியைக் கையில் வைத்துப் பல மாதங்கள் பார்த்துப் பழகியவரை ஏமாற்றுவது கடினம்; புகைப்படங்களை மட்டும் பார்த்துக் கற்றவரை ஏமாற்றுவது மிக எளிது.

அதில் அச்சிடப்பட்டிருப்பது சில்லு வடிவம். வெளிறிய அடித்தளத்தின் மீது, உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் போலக் கூர்முனைகள் கொண்ட பழுப்பு, பச்சைத் திட்டுகள் இருக்கும். அவற்றின் ஊடே, சாரல் விழுவதுபோல மெல்லிய பச்சைக் கோடுகள் ஒரே திசையில் இறங்கும். ஒரு முகம் அடர்ந்தும் மறு முகம் வெளிறியும் இருக்கும் என்பதால், இரு முகங்களும் ஒரே அடர்த்தியில் பளிச்சென்று தெரியும் துணியை உடனே சந்தேகிக்க வேண்டும். சாரல் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். போலிகளை உருவாக்குபவர்கள் பெரிய திட்டுகளின் வடிவத்தில் காட்டும் கவனத்தை இக்கோடுகளின் நீளத்திலும் இடைவெளியிலும் காட்டுவதில்லை. அசலின் பொத்தான்கள் தொடக்கத்தில் அலுமினியத்தாலும், உலோகத் தட்டுப்பாடு முற்றிய பின் எஃகு அல்லது துத்தநாகத்தாலும் ஆனவை.

இவ்வடிவத்தின் கிளைகளையும் அறிந்திருப்பது நல்லது. வான்படை இதையே திட்டுகளைச் சிறிதாக்கி, நெருக்கமாக அச்சிட்டுப் பாராசூட் வீரர்களின் மேலங்கிகளில் பயன்படுத்தியது. 1943-இல் வந்த சதுப்பு வடிவத்தில் சாரல் கோடுகள் அப்படியே தொடர்ந்தன. அதன் பிந்தைய வகையில் திட்டுகளின் விளிம்புகள் மங்கிக் கரைந்தன. 1941-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பட்ட பாட்டுக்குப் பின் வந்த பஞ்சு வைத்த குளிர்கால உடைகளில் ஒரு முகம் வெள்ளை; மறு முகம் முதலில் வெறும் சாம்பல், பிறகு சில்லு அல்லது சதுப்பு வடிவம்.

நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். அமைப்பின் போர்ப்பிரிவான வாஃபன் எஸ்.எஸ். படையின் துணிகள் வேறு மரபைச் சேர்ந்தவை. மியூனிக் நகரப் பேராசிரியர் ஓட்டோ ஷிக் உருவாக்கிய அந்த வடிவங்கள் இலைகளின் ஊடே விழும் ஒளியையும் நிழலையும் பின்பற்றியவை. ஒரு முகம் வசந்தகாலப் பச்சை, மறு முகம் இலையுதிர்காலப் பழுப்பு. 'ஓக் இலை', 'பிளேன் மரம்' போன்றவை பெரும்பாலும் சேகரிப்பாளர்களிடையே புழங்கும் பெயர்கள். 1944-இல் வந்த பட்டாணி வடிவ உடைக்கு இருமுக அச்சு இல்லை. இவ்வகைப் பொருட்களை வாங்குபவர் அவற்றின் பிறப்பிடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். எஸ்.எஸ். அமைப்புக்குச் சொந்தமான டெக்ஸ்லெட் நிறுவனம் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் சிறைப்பட்ட பெண்களைக் கொண்டே சீருடைகளைத் தைத்தது. பொருளின் விவரக் குறிப்பில் இதற்கும் ஒரு வரி ஒதுக்காத சேகரிப்பு அரைகுறையானது என்பது என் கருத்து. மிக அதிக விலையும் மிக அதிகப் போலிகளும் இப்பிரிவில்தான் என்பதால், தொடக்க நிலையில் இதைத் தவிர்ப்பதே உத்தமம்.

துணி அசலாக இருப்பதாலேயே ஆடையும் அசலாகிவிடாது. பழைய கூடாரத் துணியை வெட்டித் தலைக்கவச உறைகளையும் மேலங்கிகளையும் இன்று தைத்து விற்பவர்கள் உண்டு. போர்க்களத்திலேயே சிப்பாய்கள் கூடாரத் துணியில் தைத்துக்கொண்ட ஆடைகளும் இருப்பதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. இவ்விரண்டையும் பிரிப்பது தையல்தான். பல ஆண்டுகள் வெயிலும் அழுக்கும் பட்ட ஆடையில், தையல் மடிப்பின் உட்புறம் நிறம் மங்காமல் இருக்கும். உரசல் தையலின் மேட்டில் மிகுந்தும் பள்ளத்தில் குறைந்தும் காணப்படும். மாறாக, வெளிறல் தையலைப் பொருட்படுத்தாமல் மடிப்புக்குள்ளும் ஒரே சீராக ஓடினால், துணி முதுமையடைந்த பின்னரே அது வெட்டப்பட்டிருக்கிறது.

நூலையும் சோதியுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாலியெஸ்டர் தையல் நூல் போருக்குப் பிந்தையது. புறஊதா விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்கக் கூடாது. நீலவெள்ளையாக ஒளிர்வது வெண்மையூட்டும் வேதிப்பொருளின் அடையாளம் என்றாலும், அசல் ஆடையை யாரேனும் பின்னாளில் சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரும். ஒளிராத போலிகளும் ஏராளம். முத்திரைகளைப் பொறுத்தவரை, முற்காலத் துணிகளில் தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் இருக்கும். போரின் பிற்பாதியில் அவற்றுக்குப் பதிலாகச் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட தொழிற்கூட எண் வந்தது. 1938 என்ற ஆண்டும் அந்த எண்ணும் ஒரே துணியில் சேர்ந்து நின்றால் விலகிவிடுங்கள்.

எல்லாத் தவறுகளும் மோசடியல்ல. மேற்கு ஜெர்மனியின் எல்லைக் காவல் படை போருக்குப் பின் சதுப்பு வடிவத்தையும், புதிய ராணுவம் 1950-களின் பிற்பகுதியில் சில்லு வடிவத்தையும் சிறிது காலம் பயன்படுத்தின. அவற்றைப் போர்க்காலப் பொருளென நம்பி வாங்கியவர்களும், அதே நம்பிக்கையோடு விற்றவர்களும் உண்டு.

வாங்கிய பின் துவைக்க வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். தூசியை மெல்லிய வலையின் வழியாக, குறைந்த இழுவிசையில் உறிஞ்சி எடுங்கள். கூடாரத் துணியை மடித்து வைத்தால் மடிப்பிலேயே இழை அறும் என்பதால், அமிலமற்ற தாள் சுற்றிய அகன்ற குழாயில் சுருட்டி இருட்டறையில் வையுங்கள். கிழிசலின் மேல் உள்ள பழைய ஒட்டுத்துணியைப் பிரிக்காதீர்கள். அந்த ஒட்டைப் போட்டவர் அதை அணிந்திருந்த சிப்பாயாகவே இருக்கக்கூடும்.