மைக்ரோஃபாரட் சரி, கெப்பாசிட்டர் தப்பு

12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) ஒன்று குளிர்ந்திருந்தால் டிக் டிக்கென்று துடிக்கும், கிளம்பாது. ஹேர் டிரையர் காட்டினால் ஓடும். ஐசி, ஆப்டோகப்ளர், டையோடு மாற்றி மூன்று நாள் வீண். அவுட்புட்டில் இருந்த 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மல்டிமீட்டரில் 940 காட்டியதால் அதைத் தொடவே இல்லை. அங்கேதான் கோட்டை விட்டேன். மல்டிமீட்டர் மெதுவாகச் சார்ஜ் ஏற்றி அளக்கிறது, கெப்பாசிட்டரின் உள்தடை (ஈஎஸ்ஆர்) தனியாகத் தெரியாது. சூட்டில் அந்தத் தடை இறங்கும், அதனால்தான் டிரையர் வேலை செய்தது.

எல்சிஆர் மீட்டரில் (காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் அளக்கும் கருவி) சோதனை அதிர்வெண்ணை 100 கிலோஹெர்ட்ஸ் வைத்தேன்: ஈஎஸ்ஆர் 3.8 ஓம். புதியதில் 0.05. மாற்றியதும் கிளம்பியது, அப்பாடா!

மீட்டர் வாங்கினால் 100 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். கெப்பாசிட்டரை முதலில் டிஸ்சார்ஜ் செய்து, புரோப் முனைகளை ஒட்டிவைத்துப் பூஜ்யமாக்கிய பிறகே அளக்கவும்; வயரே 0.1 ஓம் சேர்த்துவிடும்.