ஐடிலிங்கில் கார் அதிர்ந்தால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, சீட் அதிர்கிறது, வண்டி ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிடுகிறது என்று சொன்னால் போதும், பிளக் மாற்று, மவுண்டிங் மாற்று என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். உடனே எதையும் வாங்காதீர்கள். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: என்ஜினே மிஸ்ஸிங் அடிக்கிறதா, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விட்டுப்போகிறதா, இல்லை என்ஜின் நன்றாக ஓடியும் அதன் இயல்பான அதிர்வைத் தாங்க வேண்டிய ரப்பர் மவுண்டிங் போய்விட்டதா? இரண்டுக்கும் வேலையும் வேறு, செலவும் வேறு.

இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் இன்ஜெக்டர் லைனில் பிரஷர் மிக அதிகம், அதை வீட்டில் கழற்றவே கூடாது. அப்புறம், ஆல்டோ கே10, க்விட், டியாகோ போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகள் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். முன்பு இருந்ததைவிட அதிர்வு கூடியிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏசியை அணைத்துவிட்டு ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 700க்கும் 900க்கும் நடுவில் ஆடாமல் நிற்க வேண்டும். முள் ஆடினால், அல்லது சைலன்சர் பக்கம் காது கொடுக்கும்போது சீரான சத்தத்துக்கு நடுவே ஒரு துடிப்பு விட்டுவிட்டு வந்தால், மிஸ்ஸிங். முள்ளும் அசையவில்லை, சத்தமும் சீராக இருக்கிறது, உள்ளே மட்டும் நடுங்குகிறது என்றால் மவுண்டிங் மேல்தான் சந்தேகம். ஏசி போட்டால் மட்டும் ஆர்பிஎம் இறங்கி நடுங்கினால் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைப் பாருங்கள், அதைக் கீழே சொல்கிறேன்.

மவுண்டிங்கைச் சோதிக்க இன்னொருவர் வேண்டும். பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஆட்டோமேட்டிக் என்றால் டி, ஆர் என்று மாற்றட்டும். மேனுவல் என்றால் முதல் கியரில் கிளட்சை மெதுவாக, வண்டி இழுக்க ஆரம்பிக்கும் வரை மட்டும் விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள், வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் லேசாகச் சாய்வது இயல்பு. 'டொக்' என்ற சத்தத்தோடு துள்ளினால் ரப்பர் கிழிந்திருக்கும், திரவம் நிரப்பிய மவுண்டிங் என்றால் அதன் அடியில் ஒழுகிய கறை தெரியும். மாற்றும்போது என்ஜினைக் கீழிருந்து ஜாக்கியும் மரப்பலகையும் வைத்துத் தாங்கிக்கொண்டுதான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பழக்கமில்லை என்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், ஆனால் மற்ற மவுண்டிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்று போனால் அதன் பாரமும் மற்றவற்றின் மேல்தான் விழுந்திருக்கும்.

சரி, மிஸ்ஸிங் என்று தெரிந்துவிட்டது. போனோடு இணைந்து, வண்டியின் கம்ப்யூட்டர் பதிவுசெய்த கோளாறு எண்களை (கோடு) காட்டும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது, பி0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று குறிப்பிட்டுச் சொல்ல முடியாதபடி மாறி மாறி. ஒவ்வொரு பிளக்குக்கும் பொறிக்கான மின்சாரம் தரும் தனிக் காயில் உள்ள வண்டியில், என்ஜினை அணைத்து, சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டர் காயிலோடு மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். பி0301 இருந்த இடத்தில் இப்போது பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லையா, பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக்கை என்ஜின் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும், கழற்றுவதற்கு முன் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரிபிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது அல்லது பிளக் சரியாகப் பற்றவைக்கவில்லை. குழிக்குள்ளேயே ஆயில் தேங்கி நின்றால் மேல் கவரின் கேஸ்கெட் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்யாமல் புது காயில் போட்டால் அதுவும் கெடும். புதுப் பிளக்கைக் கையால் திருகி உள்ளே இறக்கிய பிறகே ஸ்பேனர் போடுங்கள். மரை போனால் பெரிய செலவு.

காயிலும் பிளக்கும் நன்றாக இருந்து, பி0171 கோடும் (பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று பொருள்) வந்தால் எங்கோ ஏர் லீக் இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி புகுந்து ஹோஸைக் கடிப்பது சாதாரணம், அதனால் காற்று உள்ளே போகும் இன்டேக்கைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஹோஸையும் அடிப்பக்கம் வரை விரலால் தடவிப் பாருங்கள். 'உஸ்ஸ்' என்ற சத்தம் கேட்டால் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் தெளியுங்கள், சத்தமோ ஆர்பிஎம்மோ மாறினால் ஓட்டை அங்கேதான். சூடான என்ஜின் மேல் பெட்ரோலோ கிளீனர் ஸ்பிரேயோ அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

திராட்டில் பாடியில் தகட்டின் ஓரத்தில் கரி படிந்தால் ஐடிலிங்குக்கு வேண்டிய காற்று குறையும். சாவியை எடுத்துவிட்டு, அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். துடைத்ததும் ஐடிலிங் கொஞ்சம் ஏறி நின்றால் பயப்பட வேண்டாம், பல வண்டிகளில் ஓட்ட ஓட்டத் தானாகச் சரியாகும், சிலவற்றுக்கு ஸ்கேனரில் ரீசெட் செய்ய வேண்டும்.

இடையில் செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு எரிந்தால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும், அதன் விலைக்குப் பல செட் பிளக் வாங்கலாம். இவ்வளவும் பார்த்து மிஸ்ஸிங் தீரவில்லை என்றால் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வு, ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட் கோளாறு. அந்த அளவை எழுதி வாங்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள்.