பக்கத்து மனை வெளிச்சத்தை நம்பாதீர்கள்: வாடகை வீடு கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வாங்கி, தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி எழுப்பி, தளத்துக்கு இரண்டு போர்ஷன் என்று வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கட்டடம் கட்டிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓய்வூதியப் பணத்தையோ வங்கிக் கடனையோ போட்டு முதன்முறையாகக் கட்டுகிறவர்கள். இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் எல்லோருமே செய்த தவறுகளை, இன்று கணினியில் வரைந்த வண்ணப் படங்களோடு வந்து அப்படியே செய்கிறார்கள். சிமெண்டில் ஏமாறாதீர்கள், கம்பியை எடை போட்டு வாங்குங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தான் குடியிருக்கும் வீடாக இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளாத ஒன்றை, ‘வாடகைக்குத்தானே’ என்று சொல்லிக் கட்டிவிடுகிறார்களே, அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

‘வாடகைக்குத்தானே’ அளவுகள்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொந்த வீட்டுக்கு ஓர் அளவு, வாடகை வீட்டுக்கு ஓர் அளவு என்று வைக்கவில்லை. ஒரே ஓர் அறை உள்ள வீடானால் அந்த அறை 9.5 சதுர மீட்டர், ஏறக்குறைய 102 சதுர அடி இருக்க வேண்டும், அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு அறை இருந்தால் இரண்டாவது 7.5 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். உயரம் 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடி. சமையலறைக்கு 5 சதுர மீட்டர், குளியலறைக்கு 1.8, குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்திருந்தால் 2.8. இவை வசதியான அளவுகள் அல்ல. இதற்குக் கீழே மனிதர் குடியிருக்கக் கூடாது என்ற எல்லைக்கோடுகள்.

எட்டுக்கு எட்டு படுக்கையறை இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. வரைபடத்தில் கட்டிலைப் போட்டுப் பாருங்கள். கட்டிலைப் போட்டபின் கதவு முழுதாகத் திறக்கிறதா, பீரோ எங்கே நிற்கும் என்றும் பாருங்கள். வருகிற குடும்பம் இதை முதல் பார்வையிலேயே கணக்குப் போட்டுவிடும்.

பக்கத்து மனை காலியாகத்தானே இருக்கிறது!

எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கோபம் வரும் வாக்கியம் இது.

மனையின் அகலம் முப்பது அடி. பக்கவாட்டில் மூன்று அடி விடச் சொல்கிறேன். தளத்துக்கு நூறு சதுர அடிக்கு மேல் போய்விடுமே என்கிறார் உரிமையாளர். மூன்று தளத்துக்கு முந்நூறுக்கு மேல். அந்த இடத்தை வாடகையாகப் பெருக்கி, வருடத்தால் பெருக்கி, ஏதோ நான் அவர் பையிலிருந்து எடுத்துக்கொண்டதுபோலப் பார்க்கிறார். பிறகு வருகிறது தீர்வு. எல்லைக்கோட்டிலேயே சுவரை எழுப்பி, அதிலேயே ஜன்னல் வைத்துவிடலாம். பக்கத்து மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், இப்போதைக்குக் கட்ட மாட்டார், காற்று அங்கிருந்து தாராளமாக வரும்.

வரத்தான் செய்கிறது. புதுமனை புகுவிழாவன்று அந்த அறைதான் வீட்டிலேயே அருமையான அறை. வேப்பமரக் காற்று, மாலை வெயில். வந்தவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள்.

மடிப்பாக்கம் பக்கம் இப்படி ஒரு கட்டடம். கட்டியவர் வேறொருவர்; காப்பாற்ற முடியுமா என்று பார்க்க அழைக்கப்பட்டவன் நான். வெளிநாட்டில் இருந்த மனைக்காரர் கட்டவில்லை, அது உண்மை. விற்றுவிட்டார். வாங்கியவர் இவரைப் போலவே கணக்குப் போடுகிறவர். அவரும் எல்லைக்கோட்டில் சுவர் எழுப்பினார். மூன்று தளங்களிலும் பின் போர்ஷன் படுக்கையறையின் ஒரே ஜன்னல் சிமெண்டு பூசாத செங்கல் சுவரைப் பார்த்து நின்றது. கையை நீட்டினால் விரல் இடிக்கும்.

வெளிச்சம் மட்டும் போயிருந்தால் குழல்விளக்கு போட்டுச் சமாளித்திருக்கலாம். பெரிய சேதம் அந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவே கிடந்த சில அங்குல இடைவெளியில் நடந்தது. சாரம் கட்ட இடம் இல்லாததால் புதிய சுவரின் வெளிப்புறத்தைப் பூச முடியாது. இவருடைய சுவரில் விரிசல் விட்டால் இனி உள்ளே போய் அடைக்கவும் முடியாது. ஐப்பசி மழையில் அந்த இடுக்கில் இறங்கிய தண்ணீர் பொங்கல்வரை காயவில்லை. வெயில் படாது, காற்று ஓடாது. ஓதம் இடுப்பளவு ஏறி, பூச்சு உப்பி, கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. தரைத்தளத்தில் கைக்குழந்தையோடு இருந்த குடும்பம் முதலில் காலி செய்தது. அடுத்து வந்தவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துக் காட்டச் சொன்னார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் எல்லாம் செய்து பார்த்தார். எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தார். காற்று வெளியே போக வேண்டுமானால் இன்னொரு பக்கம் உள்ளே வர வேண்டும். அந்த வழி இல்லாத அறையில் அது சத்தம் மட்டும் போட்டது. ஓதம் தாங்கும் என்று விற்கும் பெயின்ட் அடித்தார். ஈரம் வெளியிலிருந்து வரும் சுவரில் உள்ளே என்ன பூசினாலும் அடுத்த மழைக்கு உரியும். தளத்தை வெட்டி நடுவே ஒரு திறப்பு விடலாமா என்று கேட்டார். வெட்ட வேண்டிய இடத்தில் பீம் ஓடியது; அதைத் தொட்டால் கட்டடத்தின் உறுதியையே தொட்டதாகும்.

வழக்கறிஞரிடமும் போனார். ஜன்னல் வெளிச்சத்துக்கு உரிமை கோர 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்தையும் காற்றையும் இருபது ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு அனுபவித்திருக்க வேண்டும். இவருடைய கட்டடத்துக்கு அந்த வயதில் கால்வாசிகூட ஆகவில்லை. பக்கத்துக்காரர் இடம் விடாமல் கட்டினார் என்று உள்ளாட்சியில் புகார் கொடுக்கலாம்தான். அளக்க வருகிறவர் அளவுநாடாவை முதலில் எந்தச் சுவரில் வைப்பார் என்று அவருக்கே தெரியும். ஏனென்றால் ஒப்புதல் வாங்கிய வரைபடத்தில் அந்தப் பக்கம் இடம் விட்டிருப்பதாகத்தான் போட்டிருந்தது.

கடைசியில் ஒரு படுக்கையறை வீடாகக் கட்டியதை, ஹாலும் சமையலறையும் மட்டும் உள்ள வீடு என்ற வாடகைக்கு விட்டார். படுக்கையறை சாமான் போடும் அறையாயிற்று. முந்நூறு சதுர அடி சேர்த்தவர், தளத்துக்கு ஒன்றாக மூன்று படுக்கையறைகளை இழந்தார். வங்கித் தவணை மட்டும் பழைய கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் சொன்ன பிறகும், போன மாதம் ஒருவர் என்னிடம் அதே வாக்கியத்தைச் சொன்னார். அக்னி மூலை தவறிவிட்டது என்று சமையலறையை முழுதாக இடம் மாற்றச் சொன்ன மனிதர் அவர். வாஸ்துவுக்காகச் சுவரை நகர்த்துகிறவர்கள் வெளிச்சத்துக்காக ஏன் நகர்த்த மாட்டேன் என்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வரைபடம் போடும்போது தெருப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கங்களிலும் எல்லைக்கோட்டில் மூன்று மாடிச் சுவர் ஏற்கெனவே நிற்கிறது என்று வைத்துக்கொண்டு வரையுங்கள். அப்படியும் ஒவ்வொரு அறைக்கும் உங்கள் மனையிலிருந்தே வானம் தெரிய வேண்டும். பின்பக்கமோ பக்கவாட்டிலோ விடும் இடத்தை நோக்கி அறைகளைத் திருப்புங்கள். முடியவில்லை என்றால் தளத்துக்கு இரண்டு போர்ஷன் என்ற கணக்கை விட்டுவிட்டு ஒரே வீடாகக் கட்டுங்கள். சந்தேகம் இருந்தால் லின்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் விட்டம்) மட்டம் வந்ததும் எல்லையில் சாரம் நிறுத்திப் படுதாவைக் கட்டி, நடுப்பகலில் அறைக்குள் நின்று செய்தித்தாளைப் படித்துப் பாருங்கள். செங்கல்லை அந்தக் கட்டத்தில் மாற்றி வைக்க ஒரு நாள் கூலிதான் ஆகும்.

பாதி திறக்கும் ஜன்னல்

ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல், வெண்டிலேட்டர் திறப்பு அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கதவு இந்தக் கணக்கில் வராது. நூறு சதுர அடி அறைக்கு ஏறக்குறைய பதினாறே முக்கால் சதுர அடி. நாலுக்கு நாலு ஜன்னல் வைத்தால் ஏறக்குறைய சரி என்று தோன்றும். ஆனால் அதில் இரட்டைத் தட ஸ்லைடிங் ஜன்னலை மாட்டினால் எந்த நேரத்திலும் பாதிதான் திறந்திருக்கும்; காற்று வருவது எட்டு சதுர அடியில். திறக்கக்கூடிய பரப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. வாடகை வீட்டுக்கு வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு ஜன்னல்தான் என் தேர்வு. அழகில்லை என்பார்கள். இருக்கட்டும்.

டக்ட் என்பது அறைக்கு அல்ல

கட்டடத்துக்குள் மேலிருந்து கீழ்வரை விடும் திறந்த சந்துதான் டக்ட். அது குளியலறை, கழிப்பறைக் காற்றுக்கு மட்டும்தான். பத்து மீட்டர் உயரம்வரையுள்ள கட்டடத்துக்கே அது குறைந்தது 1.2 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 0.9 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளியலறை வெண்டிலேட்டர் 0.37 சதுர மீட்டர், அதாவது நாலு சதுர அடி. ஒன்றரை அடிச் சந்தில் குழாய்களையும் இறக்கி, படுக்கையறை ஜன்னலையும் அதிலேயே திறந்துவிட்டால், ஒரு வீட்டுக் கழிப்பறை நாற்றம் மூன்று வீட்டுப் படுக்கைக்கும் போகும். டக்டின் அடியில் ஆள் நுழைந்து சுத்தம் செய்யக் கதவு வையுங்கள். எலி செத்த பிறகு அதன் அருமை தெரியும்.

தண்ணீர்

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது ஃபிளஷ் கழிப்பறை உள்ள வீடுகளுக்கான வழக்கமான கணக்கு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 540 லிட்டர். ஆறு குடும்பத்துக்கு 3,240. இத்தனை பேருக்கும் மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, காலையில் தண்ணீர் நின்றுபோனால் யார் மோட்டார் போடுவது என்று ஆறு குடும்பமும் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சம்ப்பை, அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைச் சிறிதாகக் கட்டுவது இன்னும் மோசம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது லாரித் தண்ணீர் வாங்கினால்தான் குடித்தனம் நடக்கும் என்ற நிலை. ஒரு லாரித் தண்ணீரை முழுதாக வாங்கிக்கொள்ள முடியாத சம்ப் உள்ள வீடுகளில் குடியிருந்தவர்கள் குடத்தோடு தெருவில் நின்றார்கள். அந்த லாரி வந்து நிற்கும் இடத்தில், அதன் குழாய் எட்டும் தூரத்தில் சம்ப்பின் வாய் இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் மனையின் எதிர்மூலைக்குப் போகட்டும். அதற்கும் கழிவுநீர் லாரியின் குழாய் எட்ட வேண்டும், ஏனென்றால் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதலே கட்டாயம். அதைப் பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகி முடிக்காதீர்கள்.

தட்டோடு இல்லாத மொட்டை மாடி

கடைசித் தளத்துக்கு வரும்போது பணம் தீர்ந்துவிடும். உடனே வெட்டப்படுவது மொட்டை மாடிக்கு மேல் போடும் தளவரிசை. செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்காத மாடியின் கீழே சித்திரை மாத இரவில் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். மாடியில் தகரம் போட்டு ‘சிங்கிள் ரூம்’ என்று விடுவது அதைவிடக் கொடுமை. அதைக் கட்டித்தரச் சொன்னால் நான் வேறு ஆளைக் காட்டிவிடுகிறேன்.

மீட்டர்

வீட்டுக்கு ஒன்று. ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் இருவருமே யூனிட் கூடக்கூட ஏறும் மேல்படிக் கட்டணத்துக்குப் போய்விடுவார்கள், சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.

எர்த்

கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கர் இல்லாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

படிக்கட்டு

ஒரு மீட்டர் அகலம். நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

அட்வான்ஸை நம்பிக் கட்டுவது

டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் வரப்போகிற குடித்தனக்காரரின் பத்து மாத அட்வான்ஸ் இருக்கிறது என்று கணக்கு வைக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் குறிப்பிடும் வைப்புத்தொகை மூன்று மாத வாடகைதான். எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதே சட்டத்தின்படி, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுதல், வயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த முடியாது. முதல்முறை கட்டுகிறவர்களில் இதைப் படித்தவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. வரும் வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுக்கென்று ஒதுக்காதவருக்கு முதல் ஒழுகலே கடனில்தான் முடியும்.

துணி காயப் போடும் இடம்

ஆறு வீட்டுக்கும் கொடி கட்ட மொட்டை மாடியைத் திறந்து விடுங்கள். மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அறைக்குள் ஈரத்துணி காயப்போட்டுச் சுவரைக் கெடுக்கிறார்கள் என்று என்னை அழைத்துக் காட்டுகிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நான் சுவரைப் பார்ப்பதில்லை. மாடிச் சாவியைத்தான் முதலில் கேட்பேன்.