எதிரில் ஷாப்பிங் சென்டர் வருகிறது என்று சொல்லி விற்கப்படும் வீடுகள்: வடக்கு டாலஸுக்குப் புதிதாக வருவோருக்கு

பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி என்று டாலஸுக்கு வடக்கே நீளும் ஊர்களில் வேலைக்காகக் குடியேறும் நம்மவர்களில் பலர், வாடகை ஒப்பந்தம் முடிவதற்குள் சொந்த வீடு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது விற்பவர் எதிரே உள்ள வெற்று நிலத்தைக் காட்டி, இங்கே பெரிய ஷாப்பிங் சென்டர் வரப்போகிறது, அதனால் வீட்டு விலை ஏறும், நகராட்சிக்கு விற்பனை வரி கொட்டும், உங்கள் சொத்து வரி குறையும் என்று சொல்வது வழக்கம். அந்தப் பேச்சை நம்பி ஒரு டாலர்கூட அதிகம் கொடுக்காதீர்கள் என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. ஆகவே உள்ளூர் நிர்வாகங்கள் சொத்து வரியையும் விற்பனை வரியையுமே பெரிதும் நம்பியிருக்கின்றன. இந்த ஊர்களில் கடை ரசீதின் அடியில் காணும் 8.25 சதவீத வரியில் 6.25 சதவீதம் மாநிலத்துக்குப் போய்விடும். உள்ளூருக்கு மிஞ்சுவது 2 சதவீதம்தான், அதற்கு மேல் வசூலிக்கச் சட்டம் இடம் தராது. (அரிசி, பருப்பு, காய்கறிகளுக்கு வரி இல்லை, உணவகத்துத் தோசைக்கு உண்டு.) அந்த 2 சதவீதத்தை ஒவ்வோர் ஊரும் எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். ரிச்சர்ட்சனில் ஒரு சதவீதம் நகராட்சிக்கும், மற்றொரு சதவீதம் டார்ட் என்னும் பொதுப் போக்குவரத்து நிறுவனத்துக்கும் செல்கிறது. ஃபிரிஸ்கோ அந்த நிறுவனத்தில் சேரவில்லை. அங்கே ஒரு சதவீதம் நகராட்சிக்குப் போக, மீதியில் அரை சதவீதம் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்துக்கும் அரை சதவீதம் சமுதாய மேம்பாட்டுக் கழகத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. வண்டி ஓட்டத் தெரியாத பெற்றோர் ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும்போது, இந்தப் பங்கீட்டின் விளைவை நீங்கள் நன்றாகவே உணர்வீர்கள்.

நகராட்சிகள் தங்கள் பங்கிலிருந்தும் ஒரு பகுதியைக் கடை கட்டுபவருக்கே பல ஆண்டுகளுக்குத் திருப்பித் தர முடியும். உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 380ஆம் அத்தியாயம் இதற்கு வழி செய்வதால், இவற்றை 380 ஒப்பந்தங்கள் என்றே அழைக்கிறார்கள். கடை வந்தால் வரி வரும், வருகிற வரியில்தானே கொடுக்கிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் புதிய கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேற்றுவரை பக்கத்து ஊர்க் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களே. பிளேனோவின் காலின் கிரீக் மால் 1981இல் திறக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கூட்டத்தோடு நடந்தது. 2000இல் ஃபிரிஸ்கோவில் ஸ்டோன்பிரையர் சென்டரும், 2001இல் பிளேனோவிலேயே வில்லோ பெண்ட் மாலும் வந்தன. காலின் கிரீக்கின் பெரிய கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, பெயர்ப்பலகை கழற்றிய சுவரில் எழுத்துகளின் தடம் மட்டும் தங்கியது. 2019இல் அந்த மாலே மூடப்பட்டது. அந்த நிலத்தை மீட்டெடுக்கவும் பொதுப் பணத்தின் துணை தேவைப்பட்டது.

இணைய வணிகம் இந்தக் கணக்கை மேலும் மாற்றிவிட்டது. 2018இல் வேஃபேர் என்னும் இணையக் கடை மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, 2019 அக்டோபரிலிருந்து வெளிமாநில விற்பனையாளர்களும் டெக்சாஸுக்கு வரி வசூலித்துக் கட்டுகிறார்கள். அதன் உள்ளூர்ப் பங்கு பொதுவாகப் பொருள் வந்து சேரும் ஊருக்கே கிடைக்கிறது. மக்கள் குடியிருப்பதாலேயே வரி வரும் நிலையில், கடையை வரவழைக்க வரியை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சொத்து வரி குறையும் என்ற பேச்சுதான் எல்லாவற்றிலும் அதிகமாக ஏமாற்றுவது. உங்கள் சொத்து வரிச் சீட்டில் வழக்கமாக மிகப் பெரிய தொகை, அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்துடையது. உள்ளூர் விற்பனை வரியில் பள்ளி மாவட்டத்துக்குப் பங்கு கிடையாது. எத்தனை கடைகள் வந்தாலும் அவற்றின் விற்பனை வரி நகராட்சியின் வரியைக் கொஞ்சம் தணிக்கலாமே தவிர, பள்ளி வரியைத் தொடாது. விற்பனை வரி எதிர்பார்த்தபடி வராமல் போனாலோ, நகராட்சி அந்தக் குறையை வீட்டுக்காரரிடமிருந்து ஈடுகட்டும், அல்லது பூங்கா, நூலகம், சாலைப் பராமரிப்பில் கை வைக்கும்.

வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள். மாநிலக் கணக்குத் தலைவர் (கம்ப்ட்ரோலர்) அலுவலகம் 380 ஒப்பந்தங்களை இணையத்தில் பட்டியலிடுகிறது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த வசதி இது. எதிரிலுள்ள நிலத்துக்குக் கட்டட வரைபட அனுமதி கிடைத்துவிட்டதா, அல்லது வணிக மண்டலம் என்று குறித்ததோடு சரியா என்று நகராட்சியின் திட்டமிடல் துறையைக் கேளுங்கள். மண்டலக் குறியீடு மாறலாம், கடைக்கு ஒதுக்கிய இடத்தில் அடுக்குமாடி எழலாம். புதிய குடியிருப்பாக இருந்தால், எம்.யு.டி. (குடிநீர், வடிகால் வசதிக்கான தனி வரி மாவட்டம்) வரியோ பி.ஐ.டி. (பொது மேம்பாட்டு மாவட்டம்) கட்டணமோ தனியாக உண்டா என்று கட்டாயம் எழுத்தில் பெறுங்கள், ஏனெனில் சாலை, குடிநீர், வடிகால் போட்ட செலவு அந்தப் பெயரில் உங்கள் தலையில்தான் விழும்.

வாங்கிக் குடியேறிய பிறகு, கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு, அதாவது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகைக்கு, விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பின், பள்ளி வரி கணக்கிடும்போது வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழிக்கப்படுகிறது. ஃபிரிஸ்கோ காலின், டென்டன் ஆகிய இரு கவுண்டிகளில் பரவியிருப்பதால், உங்கள் வீடு எதில் அடங்கும் என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வசந்த காலத்தில் வரும் மதிப்பீட்டு அறிவிப்பில் மதிப்பு மிகையாக இருந்தால், பொதுவாக மே 15ஆம் தேதிக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அப்போது உங்கள் தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலையை எடுத்துச் செல்லுங்கள். எதிர்மனை இன்னும் வெறுமையாகவே கிடந்தால், அதன் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.