ரீவி, டிஷ் பொக்ஸ், ஹோம் தியேட்டர்: மூன்றையும் ஒரே ரிமோட்டில் இயக்குவது எப்படி?

வன்னியில் இப்போது பல வீட்டு ஹோலில் மூன்று ரிமோட்டாவது கிடக்கும். பற்றரி மூடி தொலைந்து டேப் சுற்றிய ஒன்றும் அதற்குள் இருக்கும். அதற்காக உடனே கிளிநொச்சி டவுனுக்குப் போய் யூனிவேர்சல் ரிமோட் வாங்கிவிடாதீர்கள். கையில் இருக்கிறவற்றில் ஒன்றே பெரும்பாலும் போதும். என்னுடைய தெரிவு டிஷ் பொக்ஸின் ரிமோட். சனல் மாற்ற அதைத்தான் எப்படியும் கையில் எடுக்கிறோம்.

முதல் வேலை: பின்பக்கத்தைப் பாருங்கள்

ஹோம் தியேட்டரின் பின்னால், படமும் சத்தமும் ஒரே கேபிளில் போகும் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா, அல்லது சிவப்பு வெள்ளை ஓட்டைகள் மட்டும்தானா? இனிச் செய்யப்போவது இதைப் பொறுத்தது. கனடாவிலிருந்து யாராவது கொண்டுவந்த செட் என்றால் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட்டையும் வாசியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் அதற்கேற்ற டிரான்ஸ்போமர் இல்லாமல் பிளக்கைச் செருக வேண்டாம். ரிமோட் பிறகு பார்க்கலாம்.

எச்டிஎம்ஐ இருந்தால்

ரீவியின் பின்னால் பல எச்டிஎம்ஐ ஓட்டைகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் ஏஆர்சி என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். ஹோம் தியேட்டரிலும் அதே எழுத்துள்ள ஓட்டையைத் தேடி, இரண்டையும் ஒரு கேபிளால் இணையுங்கள். ரீவியின் சத்தம் அந்தக் கேபிள் வழியாகவே ஸ்பீக்கருக்குப் போகும். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இல் சேர்த்த வசதி இது. அதற்கு முந்தைய ரீவியில் தேட வேண்டாம்.

அப்புறம் ரீவியின் செட்டிங்ஸுக்குள் போய், ஒரு பெட்டி மற்றதை இயக்க விடும் சிஇசி என்ற வசதியை ஓன் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு கம்பனியும் இதற்குத் தன் பெயர் ஒன்றை வைத்திருக்கிறது: சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பனசோனிக்கில் வியரா லிங்க். எல்லாம் ஒரே சாமான்தான். எச்டிஎம்ஐ கேபிளுக்குள் இதற்கென்றே ஒரு வயர் இருக்கிறது. ஓன், ஓவ், சத்தத்தைக் கூட்டு, குறை என்ற கட்டளைகள் அதன் வழியாக ஒரு பெட்டியிலிருந்து மற்றதுக்குப் போகும். ஹோம் தியேட்டரிலும் இதே வசதியை ஓன் செய்துவிட்டு, ரீவியில் சத்தம் வெளியேறும் இடமாக ஹோம் தியேட்டரைத் தெரிவு செய்யுங்கள். இனி ரீவி ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரில் கூடும். ரீவியை நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

எச்டிஎம்ஐ இல்லையென்றால்

ரீவியின் ஹெட்போன் ஓட்டையில் ஒரு முனை, ஹோம் தியேட்டரின் சிவப்பு வெள்ளையில் மறுமுனை. இந்த வயர் எந்த எலெக்ட்ரோனிக் கடையிலும் கிடைக்கும். ஸ்பீக்கரின் சத்தத்தை ஓரளவு கூட்டி அப்படியே விட்டுவிடுங்கள். ஹெட்போன் ஓட்டையிலிருந்து வரும் சத்தத்தை ரீவி ரிமோட்டாலேயே கூட்டிக் குறைக்கலாம். ஸ்பீக்கரை மட்டும் சுவரில் உள்ள சுவிச்சில்தான் நிறுத்த வேண்டும்.

இனி டிஷ் பொக்ஸ்

உங்கள் டிஷ் ரிமோட்டை உற்றுப் பாருங்கள். ரீவிக்கென்று தனியாக ஓன் பட்டன், சத்தப் பட்டன்கள், அருகில் செட் என்று எழுதிய ஒன்று இருக்கிறதா? இருந்தால் அது இன்னொரு ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வகை. பெரும்பாலான மொடல்களில் முறை இதுதான்:

1. இரண்டு ரிமோட்டுக்கும் நல்ல பற்றரி போடுங்கள்.
2. செட் பட்டனை, லைட் விடாமல் எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள்.
3. கற்க வேண்டிய பட்டனை, உதாரணமாகச் சத்தம் கூட்டுவதை, டிஷ் ரிமோட்டில் ஒருமுறை அழுத்துங்கள்.
4. இரண்டு ரிமோட்டையும் மேசையில் மூக்குக்கு மூக்கு வைத்து, சில சென்ரிமீற்றர் இடைவெளியில், ரீவி ரிமோட்டில் அதே பட்டனை அழுத்துங்கள். லைட் கண்சிமிட்டினால் படித்துவிட்டது.
5. அடுத்த பட்டனுக்கு 3, 4ஐத் திரும்பச் செய்து, கடைசியில் செட்டை அழுத்தி வெளியே வாருங்கள்.

டிஷ் ரிமோட் படித்தது ரீவியின் கட்டளையை மட்டும்தான். ஆனால் ரீவி அதைச் சிஇசி வழியாக ஹோம் தியேட்டருக்குச் சொல்லிவிடும். வயர் போட்ட வீட்டில் ஹெட்போன் ஓட்டையே அந்த வேலையைச் செய்யும். அதனால் ஸ்பீக்கருக்குத் தனியாக எதையும் படிப்பிக்கத் தேவையில்லை. பொக்ஸின் சொந்தச் சத்தத்தை மட்டும் ஏறக்குறைய முழுதாக வைத்துவிடுங்கள்.

லைட் கண்சிமிட்டவே இல்லையா? ரீவி ரிமோட்டின் முனையைப் போனின் செல்பி கமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் ஊதாவாக மின்னினால் ரிமோட்டில் பழுதில்லை. மின்னாவிட்டால் முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு

நம் பக்கம் கரண்ட் நின்று வந்தால் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் எழும்பும். அதில் சிஇசி குழம்பி, ரீவி ஓன் ஆனாலும் ஸ்பீக்கர் ஊமையாக இருக்கலாம். செட்டிங்ஸைக் கிளறத் தொடங்காதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, சில நிமிடம் விட்டு, முதலில் ரீவி, பிறகு ஹோம் தியேட்டர், கடைசியில் பொக்ஸ் என்று செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அதன் வழியாகவும் வரும்.

டிஷ் ரிமோட்டில் செட் பட்டனே இல்லையென்றால் மட்டும் கடைக்குப் போங்கள். கற்றுக்கொள்ளும் வகை ரிமோட் என்று கேட்டு வாங்குங்கள். கோட் இலக்கம் அடிக்கும் வகையில் எங்கள் பொக்ஸ்களின் கோட் பலவேளை இருப்பதில்லை. ரெட்மி போன்ற சில போன்களாலும் இந்த வேலை நடக்கும்தான். ஆனால் போன் பிள்ளையோடு ரியூசனுக்குப் போய்விட்டால் அம்மம்மா செய்தி பார்க்க முடியாது.