துருப்பிடித்த எம்ஜிபி மலிவாக வருகிறதா?

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேலே திறந்த, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று அடிமாட்டு விலைக்கு வந்தால், எஞ்சினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும். முதலில் குனிந்து கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ (sill) என்ற இரும்புப் பகுதியைப் பாருங்கள். இந்த காருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, இரும்புக் கூரையும் இல்லை, அதனால் பாரத்தைப் பெரும்பாலும் அந்தச் சில்தான் தாங்குகிறது. துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லையா, உள்ளே இருப்பது துருவை மறைக்கப் பூசிய பட்டி! கதவின் பின்பக்க இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். என்னைக் கேட்டால், புது பெயிண்டில் மினுக்குவதைவிட துரு வெளியே தெரிகிற வண்டியே மேல். வெல்டிங் கூலியைக் கேட்டு, ஓடுகிற நல்ல எம்ஜிபியின் விலையோடு ஒப்பிட்ட பிறகே பேரம் பேசுங்கள்.