முதல் இன்ஃப்ளிக்சிமாப் ட்ரிப்ஸுக்குத் தயாராவது எப்படி?

"மாத்திரை மட்டும் போதவில்லை, இன்ஃப்ளிக்சிமாப் ஆரம்பித்துவிடலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? முடக்குவாதம், முதுகெலும்பைத் தாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், குடலைத் தாக்கும் க்ரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், தோலில் வரும் சோரியாசிஸ் என்று நோய் எதுவானாலும், மருந்து ஏறப்போவது டே கேர் வார்டில்தான். நான் அப்படி ஒரு வார்டில் செவிலியர். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "ஊசி ரொம்ப வலிக்குமா சிஸ்டர்?" வலி எறும்புக்கடி அளவுக்குத்தான். நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயங்கள் வேறு. அவற்றில் பாதியை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் முன்பு: டி.பி. பரிசோதனை

இதைத்தான் முதலில் சொல்வேன், அழுத்தியும் சொல்வேன். டி.என்.எஃப். ஆல்ஃபா என்று ஒரு பொருள் நம் உடம்பில் வீக்கத்தைத் தூண்டுகிறது. இன்ஃப்ளிக்சிமாப் அதைப் பிடித்து முடக்குகிறது. மூட்டு வலியும் குடல் புண்ணும் குறைவது அதனால்தான். ஆனால் எப்போதோ உள்ளே நுழைந்த காசநோய்க் கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்து வைத்திருப்பதும் அதே டி.என்.எஃப்.தான். அதை முடக்கினால் சுவர் இளகும், தூங்கிக்கொண்டிருந்த டி.பி. விழித்துக்கொள்ளும். நுரையீரலோடு நிற்காமல் உடம்பு முழுக்கப் பரவவும் கூடும். உலகின் டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று சொல்லி இந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்க முடியாது.

மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதோடு மாண்டூ ஊசியோ, இக்ரா என்ற ரத்தப் பரிசோதனையோ, சில டாக்டர்கள் இரண்டுமோ எழுதுவார்கள். மாண்டூ என்றால் முன்கையில் தோலுக்குள்ளேயே சின்னதாக ஒரு ஊசி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்த் தடிப்பை அளந்து காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டால் அளக்க வேண்டிய நேரத்தில் பாதி ஞாயிற்றுக்கிழமையிலேயே போய்விடும். திங்கள், செவ்வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சிறு வயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் மாண்டூவில் தடிப்பு வரலாம், இக்ராவை அது பாதிக்காது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு, கிருமி இருந்தும் தடிப்பு வராமல் போகலாம். ஆகவே என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

உறங்கும் டி.பி. இருப்பது தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். அதற்கான மாத்திரையைத் தொடங்கி, வழக்கமாக ஒரு மாதமாவது சாப்பிட்ட பிறகு இன்ஃப்ளிக்சிமாப் ஆரம்பிப்பார்கள். ஒரு மாதம் முன்பே தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனைகளும் கூடவே நடக்கும். ஹெபடைட்டிஸ் பி அடங்கிக் கிடந்தாலும் இந்த மருந்தால் மறுபடி கிளம்பலாம். இதய பலவீனம் இருக்கிறது என்று யாராவது எப்போதாவது சொல்லியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். தடுப்பூசிகளையும் இப்போதே பேசிவிடுங்கள். தட்டம்மை, சின்னம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை (வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி உள்ளவை) மருந்து தொடங்கிய பிறகு போடக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் டாக்டரிடம் தனியாகவே பேச வேண்டும். நம் ஊரில் குழந்தை பிறந்ததுமே பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள், அதுவும் உயிருள்ள தடுப்பூசிதான். தாய் இந்த மருந்தில் இருந்தார் என்பது அந்தப் பிரசவ வார்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

முந்தின வாரம்: எடை, காசு, மருந்து

எடை பாருங்கள். டோஸ் எடையைப் பொறுத்தது. க்ரோன்ஸுக்குக் கிலோவுக்கு 5 மி.கி., முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் கிலோவுக்கு 3 மி.கி. என்று தொடங்குவார்கள். ஒரு குப்பியில் 100 மி.கி. இருக்கும். க்ரோன்ஸ் உள்ள 60 கிலோ ஆளுக்கு மூன்று குப்பி சரியாகப் போதும். 63 கிலோ என்றால் நான்காவது குப்பி வாங்குவதா, மூன்றோடு நிறுத்துவதா என்று டாக்டரைக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். ஒரு குப்பியின் விலை அப்படி!

காப்பீடு இருந்தால் கேஷ்லெஸ் அனுமதிக்கு இந்த வாரமே எழுதிப் போட வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்ற மருந்து வகையைச் சேர்ந்தது. அந்த வகை ஊசியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் நவீன சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இருந்தாலும் பல பாலிசிகளில் அதற்குத் தனி உச்சவரம்பு உண்டு. "டே கேரில் இந்த மருந்துக்கு எவ்வளவு வரை தருவீர்கள்?" என்று மருந்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

மருந்தை ஆஸ்பத்திரியே தருமா, நாம் வாங்கி வர வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வெளியே வாங்குவதென்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். அதாவது ஃப்ரிட்ஜின் நடுத் தட்டு. ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோன மருந்தைப் பயன்படுத்த முடியாது. கொண்டுவரும்போது தெர்மோகோல் பெட்டி, ஐஸ் பேக், ஐஸ் பேக்குக்கும் குப்பிக்கும் நடுவில் மடித்த துணி. குப்பி நேராக ஐஸில் படக் கூடாது. பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேட்ச் எண் தேவைப்படும்.

அன்று காலை

வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. இட்லியோ தோசையோ வழக்கம்போல் சாப்பிடுங்கள். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் நன்றாகக் குடித்திருந்தால் நரம்பு சுலபமாகக் கிடைக்கும், எங்களுக்கும் ஒரே குத்தில் வேலை முடியும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை என்ன செய்வது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், சளி, சிறுநீர் எரிச்சல், சீழ் பிடித்த கட்டி, பல் வீக்கம் என்று எது இருந்தாலும் கிளம்பும் முன்பே போன் செய்யுங்கள். தேதியைத் தள்ளிப்போடுவார்கள், அது நல்லதுக்குத்தான். லீவு போட்டாயிற்றே, கார் பிடித்தாயிற்றே என்று மறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதறும்.

கை தளர்வான உடை போடுங்கள், வளையலைக் கழற்றிவிடுங்கள். ஃபைல், ரிப்போர்ட், அடையாள அட்டை, போன் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு போர்வை. வார்டு ஏ.சி.யில் குளிரும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டாலும் குளிர் நடுக்கம் வரும். நன்றாகப் போர்த்தியிருக்கும்போதும் உடம்பு நடுங்கினால் இது ஏ.சி. குளிர் இல்லை என்று உங்களுக்கும் எங்களுக்கும் உடனே பிடிபடும். துணைக்கு ஒருவர் வரட்டும். முன்மருந்தாகப் போடும் அலர்ஜி ஊசியால் தூக்கம் வரும், வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது.

மருந்து ஏறும்போது

படுத்ததும் பிரஷர், நாடி, காய்ச்சல் பார்ப்போம், மருந்து ஏற்றுவதற்காக நரம்பில் வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் போடுவோம். மருந்தை அதன் பிறகுதான் கலக்கவே ஆரம்பிப்போம். "வந்து ஒரு மணி நேரமாச்சு, இன்னும் எதுவும் நடக்கலையே" என்று பலர் வருத்தப்படுவது இந்த நேரத்தில்தான். காரணம் இருக்கிறது. கலந்த மருந்தை மூன்று மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும். நரம்பு கிடைக்கும் முன்பே கலந்து வைத்தால் வீணாகிப் போகலாம். குப்பிக்குள் இருப்பது தூள். ஊசித் தண்ணீரைக் கண்ணாடிச் சுவரோரமாக வழியவிட்டு, மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், புரதம் கெடும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு, பிறகு 250 மி.லி. சலைனில் சேர்த்து, ஃபில்டர் உள்ள டியூப் வழியாக ஏற்றுவோம்.

முதல் கால் மணி நேரம் சொட்டு மிக மெதுவாக விழும். பிரச்சினை இல்லையென்று பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டுவோம். குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும். சொட்டு மெதுவாக விழுகிறதே என்று ரெகுலேட்டரை நீங்களோ துணைக்கு வந்தவரோ தொடவே கூடாது.

அரிப்பு, தடிப்பு, முகம் சிவப்பது, நெஞ்சில் இறுக்கம், மூச்சு முட்டல், தலைச்சுற்றல், முதுகுவலி, நடுக்கம் என்று எது தோன்றினாலும் அந்த நொடியே கூப்பிடுங்கள். "சிஸ்டர் வேலையா இருக்காங்க, அப்புறம் சொல்லலாம்" என்று காத்திருக்காதீர்கள், கூப்பிடுவதற்காகத்தான் நாங்கள் அங்கே இருக்கிறோம். ஆரம்பத்திலேயே சொன்னால் பெரும்பாலும் சொட்டை நிறுத்தி, மருந்து கொடுத்து, சரியானதும் மெதுவாகத் தொடர முடியும். முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் இருக்கச் சொல்வோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று ஓய்வாக இருங்கள். லேசான தலைவலி, அசதி வரலாம். வீடு வந்தபின் மூச்சு முட்டினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சிலருக்கு 3 முதல் 12 நாள் கழித்து மூட்டு வலி, காய்ச்சல், சொறி, கை முக வீக்கம் வரும், அதையும் டாக்டருக்குச் சொல்லுங்கள். இனிமேல் விடாத காய்ச்சல், இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை குறைவு என்று எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும், "இன்ஃப்ளிக்சிமாப் போட்டுக்கொள்கிறேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிராண்டு பெயர், பேட்ச் எண், தேதி, எடை, டோஸ் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது டோஸ் முதல் டோஸிலிருந்து 2-வது வாரம், மூன்றாவது 6-வது வாரம், அதன் பிறகு பெரும்பாலும் 8 வாரத்துக்கு ஒரு முறை. டிஸ்சார்ஜ் ஆகும்போதே அடுத்த தேதியைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.